சிவப்புப் பெட்டி காலியாக இருந்த நாள்

செந்தாமரையின் கண்ணில் பட்ட எதுவும் தீர்ப்பு வாங்காமல் தப்பியதில்லை. மணிமங்கலத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் கியர் போடும் சத்தத்தைக் கேட்பாள். தேறாது. ஜன்னலோரத்துக்காரி தலையில் வைத்திருக்கும் பூவைப் பார்ப்பாள். நேற்றையது, தேறாது. படப்பையில் ஏறுகிறவனின் சட்டை தேறும், காலர் நீங்கலாக. பஸ் ஒரகடம் வந்து சேர்வதற்குள் பாதி காஞ்சிபுரம் மாவட்டம் அவளிடம் தோற்றுப் போயிருக்கும்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குத்தான் சம்பளம். வல்லம் வடகாலில் பைக்குக்கு பிரேக் லீவர் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் கடைசிச் சோதனை மேசை அவளுடையது. பிரேக் லீவர் என்றால், வண்டி ஓட்டும்போது வலது கை விரல்களால் இழுத்துப் பிடிப்போமே, அந்த அலுமினியப் பிடிதான். குறுக்கே நாய் வரும்போது நாம் சாமியைக் கூப்பிடுவதற்கு முன் கூப்பிடுவது அதைத்தான்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. லீவரை எடுத்து விளக்குக்குக் கீழே சாய்க்க வேண்டும். போல்ட் போகும் ஓட்டையை விரலால் சுட்டி, வாய்விட்டு “ஓட்டை ஓகே” என்று சொல்ல வேண்டும். பிறகு “வளைவு ஓகே.” பிறகு “முனை ஓகே.” அப்புறம்தான் பச்சைப் புள்ளி. குறை தெரிந்தால் “ரிஜெக்ட்” என்று உரக்கச் சொல்லி, பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் செல்லாது. விரலும் வாயும் சேர்ந்தால்தான் கண் தூங்காது என்று ஜப்பானில் ரயில்காரர்கள் கண்டுபிடித்த பழக்கம் என்று பயிற்சியில் சொன்னார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தூரத்திலிருந்து கேட்டுவிட்டு, உள்ளே ஏதோ பஜனை நடக்கிறது என்று செருப்பைக் கழற்றப் பார்ப்பதும் உண்டு.

இந்தப் பழக்கம் மேசையோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இல்லை. அது அவளுக்கு முன்பே பிறந்து காத்திருந்தது போலிருக்கிறது. அந்தக் காலத்திலேயே பெண் பார்க்க வந்த ஒருவனைக் காபி டம்ளரைச் சாய்த்துப் பிடித்தான் என்று தள்ளினாள். இன்னொருவன் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்தான். அவனும் போனான். பலராமனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஓட்டத்தைப் பாதிக்காத மேற்பரப்புக் குறை என்று ஏற்றுக்கொண்டாள். தொழிற்சாலையில் இதற்கு டீவியேஷன் என்று பெயர்: குறை இருக்கிறது, தெரிந்தே எடுத்துக்கொள்கிறோம். பலராமன் இன்றுவரை அந்த டீவியேஷனில்தான் ஓடிக்கொண்டிருக்கிறான்.

பலராமன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில். மதியம் சவாரி குறையும் நேரத்தில் வீட்டுக்கு வந்து, முதல் ஷிப்ட் முடிந்து வரும் மனைவிக்காகச் சமைத்து வைப்பான். அவள் தட்டைப் பார்ப்பாள்.

“புளி செத்துப் போச்சு. பீன்ஸு வேவல. அப்பளம் ஓகே.”

“அப்பளம் கடையில வாங்குனது, தாமர.”

“அதான் ஓகே.”

வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய மனிதன்தான். ஆனாலும் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். “நீ பாக்கும்போதே என் முதுகுல செவப்பு மார்க்கர் ஊர்ற மாதிரி கீது. கம்பெனியில பாக்கறதெல்லாம் பாத்துட்டு வா, நான் வேணாங்கல. வூட்லயாவது என்னைச் சும்மா பாரேன்.”

செந்தாமரை அந்த வாக்கியத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை, வளைவு இல்லை. தேறியது. அதுதான் அவளைக் குத்தியது.

இந்த நேரம் பார்த்துத்தான் தொழிற்சாலைக்குத் தியானம் வந்தது. அதுவாக வரவில்லை. லீவர் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள், தொழிலாளர் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். எச்.ஆர். மேனேஜர் கேண்டீன் பொங்கலைக் காட்டினார். மதிப்பெண் விழவில்லை. அடுத்த மாதம் கையில் ஒரு வெண்கலக் கிண்ணத்தோடு ரஞ்சனி மேடம் வந்து இறங்கினார். காலையில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன் கேண்டீனில் கொஞ்ச நேரம் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். மனநலம் கட்டாயம், வருகைப் பதிவு உண்டு.

“மூச்சைக் கவனிங்க,” என்றார் ரஞ்சனி. குரல், காய்ச்சல்காரக் குழந்தையைத் தடவிக் கொடுப்பது போல இருக்கும். “எண்ணங்கள் வரும். வரட்டும். நல்லதுன்னு சொல்லாதீங்க, கெட்டதுன்னு சொல்லாதீங்க. பேரே வைக்காதீங்க. பாருங்க, விடுங்க. அவ்வளவுதான்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனகம், ‘விடுங்க’ வருவதற்குள் தூங்கிவிடுவாள். அடுத்த மேசைக்காரி, வல்லம் வடகால் சொந்த ஊர், ஒப்பந்த வேலை. தன் அப்பா நெல் அறுத்த இடத்தில்தான் இப்போது தான் உட்கார்ந்து தூங்குவதாகவும், பரம்பரைச் சொத்தில் தூங்க யாரும் அனுமதி தரத் தேவையில்லை என்றும் சொல்வாள்.

செந்தாமரை தூங்கவில்லை. எந்த வேலையைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள். முதல் வாரம் மூச்சைக் கவனித்தாள். உள்ளே போனது ஓகே. வெளியே வந்தது குட்டை, ரிஜெக்ட். எதிர்வரிசைக் குறட்டை, ரிஜெக்ட். மேடத்தின் கிண்ணத்தில் விளிம்போரம் ஒரு சொட்டை.

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டாள். “மேடம், நான் பண்றது தியானம்தானா? தேறுதா, தேறலையா? சொல்லிட்டீங்கன்னா நிம்மதியாப் பூடும்.”

ரஞ்சனி சிரித்தார். “அந்தக் கேள்வியும் ஒரு எண்ணம்தாங்க. அதையும் பாருங்க. விட்டுடுங்க.”

விட்டாள். பஸ்ஸில் வாடிய பூவைப் பார்த்து, நேற்றையது என்று சொல்லாமல் இருந்தாள். வராத தும்மல் போல மூக்கு வரைக்கும் வந்து நின்றது. அடுத்த வாரம் மூக்கு வரைக்கும்கூட வரவில்லை. வீட்டில் தட்டைப் பார்த்தாள், சாப்பிட்டாள், எழுந்து கழுவினாள்.

பலராமன் கரண்டியும் கையுமாக அவள் பின்னாலேயே போனான். “இன்னாச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“கொழம்பு?”

“கொழம்பு கீது.”

“கீதுன்னா?”

“கீதுன்னா கீதுய்யா. துன்னு.”

கேட்டது கிடைத்துவிட்டால் மனிதன் படும் பாடு தனி. திட்டு வாங்கும்வரை அவனுக்குத் தன் இடம் எதுவென்று தெரிந்திருந்தது. இப்போது இவள் மனதில் என்ன முடிவெடுத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தான். வக்கீலைப் பார்த்திருப்பாள் என்றார்கள். ஒருநாள் உப்பைக் குறைத்துப் பார்த்தான். ஒரு வார்த்தை இல்லை. மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனான், ஏதாவது ஒரு கட்டத்தில் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று. அவள் தண்ணீர்ச் சொம்பை மட்டும் காலி செய்தாள்.

அந்தக் காலை வந்தது.

கேண்டீனில் ரஞ்சனி கிண்ணத்தைத் தட்டினார். சத்தம் எழுந்து, மெலிந்து, மறைந்தது. செந்தாமரை அதன் கடைசி நூல் வரைக்கும் கூடவே போனாள். நன்றாக இருக்கிறது என்றுகூடத் தோன்றவில்லை. கரண்ட் போனபிறகுதான் இத்தனை நேரம் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரியுமே, அப்படி ஓர் அமைதி தலைக்குள். பல வருடமாக உள்ளே உட்கார்ந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த அந்த ஆள் எழுந்து போயிருந்தான்.

அமைதியைச் சிந்திவிடாமல், நிரம்பிய குடத்தைச் சுமப்பவள் மாதிரி, மெதுவாக நடந்து மேசைக்கு வந்தாள். லீவரை எடுத்தாள். சாய்த்தாள். ஓட்டையைச் சுட்டினாள். வளைவைச் சுட்டினாள். முனையைச் சுட்டினாள். பச்சைப் புள்ளி வைத்தாள். அடுத்தது. விரல் தன் வேலையைச் செய்தது. வாய் திறக்கவில்லை. பேரே வைக்காதீங்க என்று சொல்லியிருக்கிறார்களே.

கனகம் எட்டிப் பார்த்தாள். “இன்னா தாமர, வாயில கொழுக்கட்டையா? இன்னிக்கு மௌன விரதமா?”

செந்தாமரை அவளைப் பார்த்தாள். நல்லது என்றும் நினைக்கவில்லை, கெட்டது என்றும் நினைக்கவில்லை. அடுத்த லீவரை எடுத்தாள்.

வாய் மூடியிருக்கும் மேசையைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டியவன் சூப்பர்வைசர் சிவசங்கர். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, நல்லவன். ஆனால் அன்றைக்கு லாரி முன்னாடியே வந்து நின்றுவிட்டது. அவன் காதில் போனும், கையில் இன்னொரு போனுமாக இரண்டு தடவை அந்த வழியே போனான். காது இரண்டும் வாடகைக்குப் போயிருந்ததால் மேசையின் மௌனம் அவனுக்குக் கேட்கவில்லை.

டீ இடைவேளையில் கேண்டீனில் உப்புமா.

“தே, பார்றா இத்த,” என்று கனகம் தட்டைத் தூக்கிக் காட்டினாள். “முடி. நமக்குத் தலைக்குக் குல்லா போட்டு உட்டாங்க. உப்புமா கிண்டறவனுக்கு இன்னா போட்டாங்க?”

வெள்ளை உப்புமாவின் மேல் ஒரு கோடு. மெல்லிசாக, கொஞ்சம் வளைந்து.

செந்தாமரையின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. இதேபோல ஒன்றைக் காலையில் பார்த்தாள். எங்கே? லீவரில். ஓட்டைக்குப் பக்கத்தில். ஒரு கோடு.

பார்த்தாள். விட்டாள்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மேசைக்கு வந்து சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். எந்த நாளும் டீ நேரத்துக்குள் அதில் ஏழெட்டாவது விழுந்து கிடக்கும். வார்ப்பு என்றால் சில கோணிக்கொள்ளத்தான் செய்யும். அன்று பெட்டி காலி. அடியில் ஒட்டியிருந்த பழைய தூசி மட்டும் அவளைப் பார்த்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அட்டைப் பெட்டிகளும் இல்லை. அவளுடைய மேசை முத்திரை போட்ட காலைச் சரக்கு முழுவதும் லாரிக்குப் போயிருந்தது.

சிவசங்கரைப் பிடித்தாள். ஒரு போனை இறக்கவைத்துச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

“என்னக்கா சொல்லுதீங்க? முடியா, கோடா?”

“தெர்ல தம்பி.”

“தெரியலன்னா? நீங்கதான பாத்தீங்க?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“வுட்டுட்டேன்.”

சிவசங்கர் இரண்டாவது போனையும் இறக்கினான். வார்ப்பில் உருகிய உலோகத்தின் இரண்டு ஓட்டங்கள் சரியாகச் சேராமல் போனால், சேர்ந்த இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரியும். வெளியே கோடு, உள்ளே வெடிப்பு. சும்மா பிடித்தால் ஒன்றும் ஆகாது. பயந்துபோய் இறுக்கிப் பிடித்தால்தான் உடையும். அதாவது, தேவைப்படும் நேரத்தில் மட்டும் கைவிடும்.

அதே இடத்தில் தலைமுடியும் ஒட்டலாம். லீவர் மேல் எண்ணெய்ப் பசை உண்டு.

“அக்கா, லாரி நிக்குது. நம்ம சரக்குப் போகலன்னா அங்க அவங்க லைன் நின்னுரும். லைன் நின்னா என்னைய நிக்க வச்சுக் கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. கோடுன்னா நிறுத்திருதேன். முடின்னா விட்டுருதேன். ரெண்டுல ஒண்ணு. பேரு சொல்லுங்க.”

வாழ்நாளெல்லாம் கேட்காத பொருளுக்கெல்லாம் தீர்ப்பு சொன்னவள். இப்போது ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறான், சொல்ல ஒன்றுமில்லை. முடி என்று சொல்லிவிடலாம். பத்தில் ஒன்பது பங்கு முடியாகத்தான் இருக்கும். அப்படிச் சொன்னால் யாரும் அவளை எதுவும் கேட்கப் போவதில்லை. நாளைக்கு எங்கோ ஒரு திருப்பத்தில் ஒருத்தன் வலது கையை இறுக்கும்போது அவன் கையோடு வரப்போவது என்ன என்பதும் இங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. கோடு என்று சொன்னால் லாரி நிற்கும். தேடிப் பார்த்து முடி என்று தெரிந்தால், உப்புமாவைப் பார்த்துப் பயந்து லாரியை நிறுத்தியவள் என்று ஒரகடம் முழுக்கப் பேர் வரும். கோடுதான் என்று தெரிந்தால் அதைவிட மோசம். பச்சைப் புள்ளி அவள் கையால் வைத்தது.

“பாத்தேன் தம்பி. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். பொய் சொல்ல முடியாது.”

“பாத்தேன்னு எழுதி லாரிய நிறுத்த முடியாதுக்கா!”

வெளியே லாரியின் பின்கதவு மூடும் சத்தம் கேட்டது.

மேசைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. சுவரில் சிரித்த முகத்தோடு ஒரு தொழிலாளி படம், கீழே ‘சந்தேகமா? இழு!’ என்று வாசகம். யார் இழுத்தாலும் லைன் நிற்கும், மேலதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வாசலைத் தாண்டி ஒரு துரும்பு போகாது. இது எல்லோருக்கும் உள்ள உரிமை. எல்லோருக்கும் உள்ள உரிமைகளுக்கு நேர்வதுதான் இதற்கும் நேர்ந்திருந்தது, சிலந்தி கூடு கட்டியிருந்தது. முன்பு ஒருத்தன் தெரியாமல் அதில் குடையை மாட்டினான். அவன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான்.

செந்தாமரை கயிற்றைப் பார்த்தாள். இழுத்தாள்.

பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்தால் வருமே, அதுபோல ஒரு கீச்சு இசை தொழிற்சாலை முழுக்கப் பரவியது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தின. எங்கிருந்தோ ஒருத்தர் “யார் வூட்டுக் கல்யாணம்?” என்று கத்தினார். பிறகு எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. சிவசங்கர் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

காலைச் சரக்கு முழுவதும் லாரியிலிருந்து திரும்ப இறங்கியது. பெட்டிகளைப் பிரித்துக் கொட்டினார்கள். பிளான்ட் ஹெட் வந்து நின்றார். அவர் எதுவும் திட்டவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும் என்று செந்தாமரைக்குப் பட்டது. அப்போதுதான், சட்டென்று, வீட்டில் பலராமனின் முகம் ஏன் அப்படி இருந்தது என்பதும் பட்டது.

இரண்டாம் ஷிப்ட் வகுப்புக்காகக் கேண்டீனில் காத்திருந்த ரஞ்சனியும் கூட்டத்தைப் பார்த்து வந்தார்.

“மேடம், நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். பேர் வெக்கல. பாத்தேன், வுட்டேன்.”

ரஞ்சனி பதறினார். “ஐயோ, அது மனசுல வர்றதுக்குங்க. கையில வர்றதுக்கு இல்ல.”

“அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்?”

“சொல்லியிருக்கணும்,” என்றார் ரஞ்சனி. மழுப்பவில்லை. “இது எனக்குத் தோணவே இல்ல.”

தேடல் நடந்துகொண்டிருந்தது. செந்தாமரையின் கை லீவர்களைப் புரட்டியது, கண் எதையும் பார்க்கவில்லை. உள்ளே எழுந்து போயிருந்த அந்த ஆள் திரும்பி வந்துவிட்டான், தனியாக வரவில்லை, கோர்ட்டையே கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பாவி. கொலைகாரி. ஊரையே தேறாது என்று சொன்னவளே, நீ தேறினாயா?

ரஞ்சனி பக்கத்தில் வந்து குனிந்தார். “நீங்க இப்ப உங்களைத்தான் பாத்துட்டு இருக்கீங்க. அந்தக் கோட்டைப் பாருங்க. திட்டறதைக் கொஞ்சம் வெளியில உக்கார வைங்க, எங்கயும் போயிடாது. அந்தக் கோடு எப்படி இருந்துச்சு? என்னன்னு கேக்கலங்க. எப்படி இருந்துச்சு?”

செந்தாமரை கவிழ்த்து வைத்த ஒரு டிரேயின் மேல் உட்கார்ந்து, அத்தனை பேருக்கு நடுவில் கண்ணை மூடினாள். லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். பாவி என்று ஒரு குரல் வந்தது. வந்தது, போனது. லீவர் வந்தது. ஓட்டை. ஓட்டையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கோடு, வளைவை நோக்கி. விளக்குப் பக்கம் சாய்த்தபோது அதன் ஒரு ஓரம் மட்டும் மினுங்கியது. அப்போது பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் சத்தம், கீ, கீ, கீ.

கண்ணைத் திறந்தாள். “ஃபோர்க்லிஃப்ட்டு இன்னிக்கு எப்ப வந்துச்சு?”

“மொத லோடு எடுக்க வந்துச்சுக்கா. அதுக்கப்புறம் டீ டைம்லதான்,” என்றான் சிவசங்கர்.

முதல் லோடு ஏறிக்கொண்டிருந்தபோது அவள் கையில் இருந்தவை அடுத்த லோடின் தொடக்கப் பெட்டிகள். அவற்றை மட்டும் தனியே இழுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சிவசங்கர் கூவினான். “முடி! ஏ யாத்தே, முடிதான்க்கா!” அவன் தூக்கிப் பிடித்த லீவரில் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஒரு நீள முடி. அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். யாரோ கை தட்டினார்கள். பிளான்ட் ஹெட் மூச்சு விட்டார். லாரி டிரைவர் சாவியை எடுத்தார்.

கனகம் எட்டிப் பார்த்தாள். “மருதாணி போட்ட கலரு. என் முடிதான் போலக் கீது. இனிமே என் முடிக்கும் லாரி நிக்கும், சொல்லிட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். செந்தாமரைக்கும் சிரிப்பு வந்தது. முடி. முடிந்தது. திட்டு வாங்கலாம், கேலி வாங்கலாம், வீட்டுக்குப் போகலாம். அந்த லீவரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முடி வளைவைச் சுற்றியிருந்தது. விளக்குப் பக்கம் சாய்த்தாள். மினுங்கவில்லை.

“இது இல்ல.”

சிரிப்பு நின்றது.

“அக்கா, கும்பிடுதேன். இதுதான்க்கா. முடின்னு நீங்கதான சொன்னீங்க.”

“முடின்னும் சொல்லல, கோடுன்னும் சொல்லல. நான் பாத்தது இது இல்ல தம்பி.”

பிளான்ட் ஹெட் அவளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். பிறகு ஏனோ கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, “தேடுங்க,” என்றார்.

லீவர்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தமும், சுட்டிச் சொல்லும் குரல்களும் மட்டும். ஓட்டை ஓகே. வளைவு ஓகே. முனை ஓகே. பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. ஷிப்ட் பஸ் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, கோபித்துக்கொண்டு கிளம்பியது. கடைசிப் பெட்டியின் அட்டை தெரிய ஆரம்பித்தது.

“ஓட்டை…” என்றாள் கனகம்.

எல்லோரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. வாயாடி என்று பேர் வாங்கிய கனகம், வாயைத் திறந்தபடி, ஒன்றும் பேசாமல் லீவரை நீட்டினாள்.

பச்சைப் புள்ளி. ஓட்டையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கோடு. செந்தாமரை விரலால் தேய்த்தாள், போகவில்லை. விளக்குப் பக்கம் சாய்த்தாள். ஒரு ஓரம் மினுங்கியது.

“ரிஜெக்ட்,” என்றாள், வாய்விட்டு.

சிவசங்கர் அதை இழுத்துப் பார்க்கும் கருவியில் மாட்டினான். முள் ஏறத் தொடங்கியது. ஏற வேண்டிய இடத்தில் பாதிகூட ஏறவில்லை. டக். பிஸ்கட் உடைவது போல. பாதி கருவியிலேயே நின்றது, பாதி கான்கிரீட் தரையில் விழுந்து உருண்டு, லாரி டிரைவரின் காலடியில் போய் நின்றது. அவரும் பைக்கில்தான் வேலைக்கு வருகிறவர். அதைக் குனிந்து எடுத்து, வலது கை விரல்களால் ஒருமுறை மடக்கிப் பிடித்துப் பார்த்தார். லாரி தாமதமானது பற்றி அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை செந்தாமரையை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று, வாய்விட்டுச் சொல்லாமல் சோதனை செய்து, குறையுள்ள பொருளைத் தேர்ச்சி பெறச் செய்த கவனக்குறைவுக்கான மெமோ. மற்றொன்று, குறையுள்ள பொருளைத் துணிச்சலோடு தடுத்து நிறுத்திய விழிப்புணர்வுக்கான பாராட்டுச் சான்றிதழ், கூடவே ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. மெமோவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சான்றிதழுக்குச் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரில் ஒட்டப் போகும் போஸ்டர் தயாராக இருந்தது: ‘தியானம் காத்த தரம்!’ அதற்குப் பக்கத்திலேயே ஓர் அறிவிப்பு: ‘தியானம் கேண்டீனுக்குள் மட்டும் அனுமதிக்கப்படும்.’

“ரெண்டுல எது நெஜம் சார்?” என்று கேட்டாள்.

மேனேஜர் யோசித்தார். “ரெண்டும்தாம்மா,” என்றார். அவர் அந்த அறையில் சொன்ன வார்த்தைகளிலேயே அதுதான் தேறும்.

வெளியே கனகம் காத்திருந்தாள். லீவரைக் கண்டுபிடித்தது அவள். ஆனால் ஒப்பந்தக்காரர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

“எனக்கு மெமோவும் இல்ல, அவார்டும் இல்ல. நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. அந்த மேடம் சொல்ற ஞானமெல்லாம் கான்ட்ராக்ட் லேபருக்குத்தான் சரிப்பட்டு வரும் போலக் கீது.” பிறகு டிபன் பாக்ஸைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். “மூடி லூஸு. ரிஜெக்ட்.”

“இந்தா, நீயே வெச்சுக்கோ.”

“லூஸுன்னுதான சொன்னேன், வேணாம்னா சொன்னேன்?” கனகம் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று மதியம் செந்தாமரை வீட்டுக்கு வந்தபோது பலராமன் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, தட்டுக்கு எதிரே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். முந்தைய நாள் அவள் பொழுது சாய்ந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருந்தாள். வக்கீல் விஷயம் உறுதி என்று அவன் முடிவு கட்டியிருந்தான். இன்றைக்குக் குழம்பில் உப்பைக் கைநிறைய அள்ளிக் கொட்டியிருந்தான். கடைசி முயற்சி.

அவள் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். அவனைப் பார்த்தாள். புருவத்துத் தழும்பு, கீழே பயம், கன்னத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் தூள்.

குழம்புக் கிண்ணத்தை விரலால் சுட்டினாள்.

“உப்பு,” என்றாள் வாய்விட்டு. “ஜாஸ்தி.”

அவன் அடுத்ததற்குக் காத்திருந்தான். இத்தனை வருடமாக அந்த இடத்தில் வருவது என்னென்ன என்று அவனுக்கு மனப்பாடம். அது வரவில்லை. உப்பு ஜாஸ்தி. அவ்வளவுதான்.

பலராமன் எழுந்து அடுப்படிக்குப் போனான். போகும் வேகத்தில் சொம்பைத் தட்டிவிட்டான். “சுடுதண்ணி ஊத்திக் கொதிக்க வுட்டா சரியாப் பூடும். ரெண்டு நிமிசம், தாமர. துன்னாம இரு.”

“இருக்கேன்யா.”

உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. சுருதி சேரவில்லை. செந்தாமரை கேட்டுக்கொண்டிருந்தாள்.